தண்ணியை விட்டாச்சு, மாமா

அன்புள்ள குமார் மாமாவுக்கு,

இதனால் மேலுலக, கீழுலகப் பொதுமக்களுக்கு அறிவிப்பது யாதெனில்: தாங்களும் என் அப்பாவும் கொல்லையில் ஒளித்து வைத்துப் புழங்கிய நீல பிளாஸ்டிக் தம்ளர், பாதியாக வெட்டப்பட்டு, இன்று காலை கோழிக்குஞ்சுகளின் குடிநீர்த் தேவைக்காக நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. விழாவுக்குத் தலைமை நான். முன்னிலை நான். நன்றியுரையும் நானே. சிறப்பு விருந்தினரான கறுப்புக் குஞ்சு தம்ளருக்குள் ஏறி நின்றுகொண்டு இறங்க மறுத்துவிட்டது.

சிரித்தீர்களா? நீங்கள் போன பிறகு இந்த வீட்டில் என் பேச்சுக்குச் சிரிக்க ஆளில்லை. அம்மா முறைப்பதோடு சரி.

தம்ளருக்கு ஏன் ஓய்வு கொடுத்தோம் என்று கேட்பீர்களே. உங்கள் அத்தான் குடியை விட்டுவிட்டார், மாமா. நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஊரும் நம்பவில்லை. உங்களை எரித்துவிட்டு வந்த அன்றே டீக்கடையில், "ஒண்ணு போச்சு, அடுத்தது எப்பன்னு பாப்போம்" என்று அப்பாவைப் பற்றிப் பேசினார்கள். என் காதில் விழவேண்டும் என்றே பேசினார்கள். விழுந்தது. இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது.

குடியை நிறுத்தும் ஹோமில் ஒரு மாதம் போய் இருக்கச் சொல்லி அம்மா உங்களிடம் எவ்வளவு கெஞ்சினாள்! உங்கள் பதில் எனக்கு மனப்பாடம். "போக்கா, பயிர நட்டுட்டு நான் போயி உள்ள படுத்துக்கவா? தண்ணி முறை வந்தா மடைய யாரு தொறக்குறது?" நீங்கள் போனதும் அந்த வசனத்தை அப்பா எடுத்துக்கொண்டார். வீட்டிலிருந்தபடியே வைத்தியம் பார்க்கலாம் என்பது உங்கள் இருவருக்கும் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. டீக்கடையில் எல்லாம் தெரிந்தவர்களுக்கும் தெரியாது.

தெரியவைத்தது ஒரு பாட்டில். வரப்பில் எவனோ குடித்துவிட்டு உடைத்துப் போட்டது, அப்பாவின் காலைக் கிழித்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் தையல் போட்ட டாக்டர் வாடையைப் பிடித்து, "அப்படியே பக்கத்து ரூமுக்குப் போங்க" என்றார். அங்கே இருந்தவர் குடியை நிறுத்த வைத்தியம் பார்க்கும் டாக்டர், கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். ஃபிட்ஸ் வந்திருக்கிறதா, இல்லாதது ஏதாவது கண்ணில் தெரிந்திருக்கிறதா என்று கேட்டார். ரத்தம் எடுத்துப் பார்த்தார்.

"அப்படி ஏதாவது வந்திருந்தா உள்ள சேர்த்தே ஆகோணும்னு சொல்லியிருப்பேனுங்க. உங்களுக்கு வீட்ல இருந்தே பார்க்கலாம். ஆனா நீங்களா திடீர்னு நிறுத்தீறாதீங்க, மாத்திரையோட நிறுத்தோணும். மாத்திரை வீட்டம்மா கையில இருக்கட்டும். கை கால் ரொம்ப உதறுனா, பேச்சு குழறுனா, நேரம் காலம் பார்க்காம உடனே கூட்டிட்டு வந்துடுங்க."

"பூட்ட மாட்டீங்களா?" என்றார் அப்பா.

"எதுக்குங்க பூட்டறது?"

அப்பாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அடமானத்தில் போன வயல் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

சீட்டில் 'வெளிநோயாளி' என்று எழுதியிருந்தது. உள்நோயாளிக்குக் கதவு காவல். வெளிநோயாளிக்கு? அடியேன்! வியாழக்கிழமைதோறும் பதினொன்றாம் வகுப்பில் எனக்கு வயிற்றுவலி வரும். அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது நான்தான். பஸ் ஸ்டாப்புக்குப் போகும் வழியில் மதுக்கடை இருக்கிறதல்லவா? கடைக்கும் அவருக்கும் நடுவில் நான் சுவர் மாதிரி நடப்பேன். நான் இல்லாவிட்டால் அந்த மனிதர் பஸ்ஸே ஏறமாட்டார். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் தடவை போனபோது நடந்ததைக் கேளுங்கள். டாக்டர் மாத்திரைச் சீட்டைப் பார்த்துக்கொண்டே, "என்னங்க, தண்ணி விட்டாச்சுங்களா?" என்றார்.

"விட்டாச்சு சார். மேட்டூர்ல போன வாரமே விட்டுட்டாங்க. நம்ம கடைமடைக்குத்தான் இன்னும் வந்து சேரல."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "கடைக்கு வரலையா? எந்தக் கடைங்க? யாரு கொண்டாந்து தர்றாங்க?"

"கடை இல்லீங்க, கடைமடை. ஆத்துக்காரங்க தொறந்து வுட்டா வந்துரும். வந்தா விடிய விடியப் பாய்ச்சிடுவேன்."

"விடிய விடியவா!"

வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடிவந்தார். நான்தான் எழுந்து, "சார், ஒரு 'ஐ' குறையுது. நீங்க கேட்டது தண்ணியை. அவரு சொல்றது தண்ணி" என்று இலக்கணம் சொன்னேன். தமிழம்மா கேட்டிருந்தால் முழு மார்க் போட்டிருப்பார். அதிலிருந்து டாக்டர் எங்களைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி: "கடைமடைக்கு வந்துடுச்சுங்களா?"

நேராக வந்து சேரவில்லை, மாமா. உங்களிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? கோயில் திருவிழா அன்று அப்பா என் சுவரைத் தாண்டிவிட்டார். அம்மா மாத்திரை டப்பாவைத் தூக்கிக் கொல்லையில் எறிந்தாள். அடுத்த வியாழன் அப்பா டாக்டர் முன்னால் தலை குனிந்து நின்றார்.

"ஆத்துல உடைப்பு எடுத்தா என்னங்க செய்வீங்க?"

"மூட்டை போட்டு அடைப்போம் சார்."

"அப்புறமென்ன, உட்காருங்க."

திட்டவில்லை. மாத்திரையை மாற்றினார். அப்பாவைப் போலவே விட முயற்சி செய்பவர்கள் வட்டமாக உட்கார்ந்து பேசும் அறைக்கும் போகச் சொன்னார். அம்மாவையும் கூப்பிட்டுத் தனியாகப் பேசினார். டப்பாவைக் கொல்லையில் தேடி எடுத்தது அம்மாவேதான்.

இப்போது உங்கள் சங்கதிக்கு வருகிறேன். போன வருஷம் நம் வயலில் எண்ணெய்க் குழாய் பதிக்க பொக்லைன் வந்தபோது முன்னால் போய் நின்றீர்களே. "கதிரு பால் புடிச்சு நிக்குது. அறுப்பு முடியட்டும். எங்கள்ட்ட கேக்காம எறக்காத" என்றீர்கள். ஒவ்வொரு சொல்லும் சரி. ஆனால் தண்ணி போட்டுக்கொண்டு சொன்னீர்கள். குடித்துவிட்டுக் கலாட்டா என்று ஜீப்பில் ஏற்றினார்கள். கதிரோடு மண்ணை வாரினார்கள். அதற்குப் பிறகு நடந்த கூட்டத்தில் உங்கள் பெயரைச் சொன்னாலே சிரிப்பு. ஆளுங்கட்சிக் கரைவேட்டியும் சிரித்தது, எதிர்க்கட்சிக் கரைவேட்டியும் சிரித்தது. கரைதான் வேறு வேறு.

இந்த வருஷமும் குழாய் பதிக்க அளந்து கல் நட்டுவிட்டார்கள். போன வாரம் கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். அப்பா எழுந்தார். அவர் கை இன்னும் கொஞ்சம் நடுங்கும், மைக்கும் சேர்ந்து ஆடியது. மேடையில் இருந்த அதிகாரி, "என்னய்யா, நீயும் போட்டுட்டு வந்துட்டியா?" என்றார். அதே சிரிப்பு.

"ஊதிக் காட்டவா சார்?"

மைக்கை வாயருகே வைத்து ஊதினார் பாருங்கள்! எட்டு ஸ்பீக்கரிலும் புயல். முன்வரிசைக் குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது.

"வாடை வருதா சார்? கை நடுங்குறது வியாதி. அதுக்கு வியாழக்கிழமையானா ஆஸ்பத்திரி போயி உக்காந்து வைத்தியம் பாத்துக்குறேன். எனக்கு ஒரு வெக்கமும் இல்ல. என் மச்சான் போன வருசம் சொன்னதத்தான் நானும் சொல்றேன். அறுப்புக்கு முன்னால எறக்காதீங்க. எங்கள்ட்ட கேக்காம எறக்காதீங்க. அவன் வாயிலதான் நாத்தம் இருந்துச்சு, வார்த்தையில இல்ல. எழுதிக்கங்க."

ஒருத்தரும் சிரிக்கவில்லை, மாமா. அதிகாரி எழுதிக்கொண்டார். அறுப்பு முடியும்வரை வண்டி வராதாம். முடிந்த பிறகு? தெரியாது. வந்தால் மறுபடி ஊதுவோம்.

எனக்கு ஒரே ஒரு கோபம். பூட்டாத அறை ஒன்று இருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால் வந்திருப்பீர்களா? காலையில் மடை திறந்துவிட்டு, பத்து மணிக்கு டாக்டரைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் வயலுக்கே திரும்பியிருக்கலாமே! பதில் சொல்லாமல் தப்பிப்பதற்காகவா செத்துப் போனீர்கள்?

போகட்டும். உங்களுக்கு ஒரு வாக்கு. இந்த ஊரில் எவன் உங்களைக் 'குடிகாரக் குமாரு' என்றாலும், அவன் வீட்டில் குடிக்கிற ஆளுக்கு அந்த அறைக்கு வழி சொல்லிவிட்டுத்தான் சண்டை பிடிப்பேன். வியாழக்கிழமைகளை விடவே மாட்டேன்.

கடைசியாக ஒன்று. அப்பாவை நான்தான் அழைத்துப் போகிறேன் என்று மேலே மார்தட்டினேன் அல்லவா? பஸ் குடவாசல் தாண்டினால் எனக்குக் குமட்டும் என்பது உங்களுக்குத் தெரியும். எலுமிச்சம்பழம் அப்பா கையில் இருக்கும், என் தலை அவர் தோளில் இருக்கும். பஸ்ஸிலிருந்து அவர்தான் என்னைக் கைத்தாங்கலாக இறக்குவார். போன வாரம் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் புது அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் மெதுவாகக் கேட்டார்: "பையனுக்கு எவ்வளவு நாளா இந்தப் பழக்கம்?"

இப்படிக்கு,
பஸ்ஸைத் தவிர வேறெதற்கும் அஞ்சாத
உங்கள் அக்கா மகன்,
இளங்கோ