ஐந்தாம் படுக்கைக்காரருக்கு எல்லாம் தெரியும்

ஜூலை 6, ஞாயிறு

ஒரு மணி நேரம் தொண்டை வறளப் பேசினோம். கேட்டுவிட்டுக் கருத்து எழுதியவர்களில் கதையைப் பற்றிச் சொல்ல ஒருத்தருக்கும் ஒன்றுமில்லை. ‘பின்னால் பஸ் ஹாரன் கேட்கிறது.’ ‘ருக்சானா மேடம் மூச்சு விடாமல் பேசுகிறார்.’ (அது நான்தான்.) ‘சிவரஞ்சனி சிரிப்பைக் குறைக்கலாம்.’ ஏற்காடு பஜாரில், ஸ்வெட்டர் கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்து பாட்காஸ்ட் பண்ணினால் பஸ் ஹாரன் கேட்காமல் கடல் அலையா கேட்கும்?

சின்ன வயதில் பார்த்த ஆஸ்பத்திரி சீரியல் ‘வெள்ளை வராந்தா’. அதை நானும் ரஞ்சனியும் (கரடியூரில் எஸ்டேட் ஆபீஸ் வேலை அவளுக்கு) வாரம் ஒரு பகுதியாகத் திரும்பப் பார்த்துப் பேசுகிறோம். முந்நூறு பேர் கேட்கிறார்கள். முந்நூறு பேரும் சவுண்ட் இன்ஜினியர்கள்தான் போல.

கீழே கடைக் கல்லாவிலிருந்து, என்னைப் பெற்ற அத்தாவின் வாராந்திரப் புகாரும் வந்துவிட்டது. “கண்ணு, நொம்ப வேகமாப் பேசறே. காதுல ஏறவே மாட்டேங்குது.” ஒரு வாரம்கூட விடாமல் கேட்கிறார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஜூலை 8, செவ்வாய்

வயிற்றுவலிக்காக எடுத்த அத்தாவின் டெஸ்ட் முடிவு வந்துவிட்டது. குடலில் புற்றுநோய். சேலத்தில் டாக்டரைப் பார்த்தது தம்பி அஃப்சல். போனிலேயே உத்தரவு போட்டான்: “அக்கா, அத்தாகிட்ட மூச்சு விட்டுறாதே. அல்சர்னு சொல்லிட்டேன். தெரிஞ்சா பாதி உசுரு அதுலயே போயிரும்.”

சரி என்றேன். கீழே அத்தா யாரோ ஒரு டூரிஸ்ட்டிடம் குல்லா விலை பேசிக்கொண்டிருக்கிறார்.

ஜூலை 11, வெள்ளி

நாற்பது பகுதிகளில் இதுதானா இப்போது வர வேண்டும்? ஐந்தாம் படுக்கையில் ஒரு ரிட்டயர்டு தலைமையாசிரியர். அவருக்குப் புற்றுநோய் என்பதை வீட்டாரும் டாக்டர் நளாயினியும் சேர்ந்து மறைக்கிறார்கள். ‘இதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம்’ என்று கெஞ்சினேன். காரணம் சொல்ல முடியவில்லை. ரஞ்சனி விடவில்லை. “ஏனுங்க மேடம், சீரியல்லயே இதுதானுங்க பெஸ்ட்டு!”

பேசினோம். மறைத்தது தப்பு என்றாள் அவள். மறைத்ததுதான் சரி என்று நான், வாய் கூசாமல், வாதாடித் தள்ளினேன். “தெரிஞ்சா அந்த மனுசரு பயத்துலயே செத்துருவாரு” என்றுகூடச் சொன்னேன்.

போட்டு முடித்த பிறகுதான் உறைத்தது, அத்தா கேட்பாரே என்று. அடி முட்டாளே.

ஜூலை 13, ஞாயிறு

கருத்துகள் கொட்டுகின்றன. ‘ருக்சானா சொல்வதே சரி.’ ‘சிவரஞ்சனிக்கு ஈவிரக்கமே இல்லை.’ குப்பனூர்க்காரர் ஒருவர் தலைமையாசிரியருக்குக் கஷாயம் சிபாரிசு செய்திருக்கிறார். ஐயா, முப்பது வருஷத்துக்கு முன்னால் எடுத்த சீரியல் அது! ஒரு அம்மாவுக்கு டாக்டர் நளாயினியின் புடவை எங்கே கிடைக்கும் என்று தெரிய வேண்டுமாம்.

அத்தாவிடமிருந்து இந்த வாரம் ஒரு புகாரும் வரவில்லை. சாக்கு வைத்து இரண்டு தடவை கீழே போய் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஜூலை 14, திங்கள்

அஃப்சல் போன். “புது மாத்திரைய அட்டையோட குடுத்துராதே, பிரிச்சு டப்பாவுல போட்டுக் குடு. கேட்டா எதையாவது சொல்லு, அதான் வாய் கிழியப் பேசறியே.” இவனை என்ன செய்தால் தகும்?

ஜூலை 16, புதன்

பாட்காஸ்ட் வாட்ஸப் எண்ணுக்கு ஒரு குரல் பதிவு. இன்னொரு புடவை விசாரிப்பு என்று எரிச்சலோடு திறந்தேன்.

“வணக்கமுங்க. ஏற்காட்டுலருந்து ரஹமத்துல்லா பேசறனுங்க. ஸ்வெட்டர் கடை.” அத்தா!

“ருக்சானா மேடம் சொன்னது எனக்குச் சரியாப் படலீங்க. அஞ்சாம் பெட்டுக்காரருக்கு எல்லாந் தெரியுமுங்க. ஊட்டுல கண்ணைத் தொடச்சுட்டு வந்து சிரிக்கறாங்க, கேக்காமயே கறிக்கொழம்பு வெக்கறாங்க. வெளங்காதுங்களா? இவங்க அழுவாங்களேன்னு அவரும் நடிக்கறாரு. ஆனா டாக்டர்கிட்ட கேக்க அவருக்கும் கேள்வி இருக்குதுங்க. வலிக்குமா, கடைக்கு... பள்ளிக்கூடத்துக்குப் போலாமான்னு. அதக் கேக்க உடமாட்டேங்கறாங்க. ஆளாளுக்கு அவரப் பத்திப் பேசறீங்க, அவர்கிட்ட ஒருத்தரும் பேசலீங்களே. கோவமா வருதுங்க. அப்புறம் அந்தம்மாவக் கொஞ்சம் மெதுவாப் பேசச் சொல்லுங்க. போனை வெச்சிரட்டுங்களா?”

எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரே ஒரு மாடிப்படி. பெற்ற மகளிடம் பேச, முந்நூறு பேரோடு சேர்ந்து வரிசையில் நின்றிருக்கிறார் மனுசன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

இறங்கிப் போனேன். ஸ்வெட்டர் பார்த்துக்கொண்டிருந்த குடும்பம் போகும்வரை நின்றேன். “அது அல்சர் இல்ல அத்தா. கேன்சரு.”

“தெரியும் சாமி” என்றார். மடித்த சால்வையையே திரும்ப மடித்தார். பிறகு, “எனக்குத் தெரியும்னு அஃப்சலுக்கு இப்போ சொல்லிறாதே. பயந்துக்குவான்.”

அட அல்லாவே! இவரும் ஆரம்பித்துவிட்டார். முடியாது என்று அங்கேயே நின்று அஃப்சலுக்குப் போன் போட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

மூன்று பேருமாகச் சேலம் போனோம். டாக்டர் அஃப்சலையும் என்னையும் பார்த்தே பேசிக்கொண்டிருந்தார். “ஏனுங்க டாக்டர், பேசண்ட்டு நானுங்க” என்றார் அத்தா. கேள்விகளைக் கேட்டார். வந்த பதில்களில் சில நல்லதாக இல்லை. அஃப்சல் எழுந்து வெளியே போய்விட்டான். அத்தா கடைசிவரை உட்கார்ந்து கேட்டார்.

ஜூலை 27, ஞாயிறு

அத்தாவின் சம்மதத்தோடு அவர் அனுப்பிய குரல் பதிவை இந்த வாரம் பாட்காஸ்ட்டில் போட்டோம். வந்த முதல் கருத்து: ‘பெரியவர் பேசும்போதும் பஸ் ஹாரன்.’

கட்டிலில் படுத்தபடி அத்தா அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கீமோ ஆரம்பித்ததிலிருந்து வாய் கசக்கிறது, கஞ்சி மட்டும்தான் இறங்குகிறது. “பதில் போடு கண்ணு. பஜாருன்னா ஹாரன் அடிக்கத்தான் செய்யுமுங்க, கேக்கறதுன்னா கேளுங்கன்னு.”

அப்படியே போட்டேன்.