மஞ்சள் கசிந்த அறை

ஜீவனஹள்ளி,
பெங்களூர்-5
23.8.1999

என் கண்ணு வித்யாவுக்கு, அம்மா வேதநாயகி எழுதுவது. ஜபல்பூரில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்க முத்துமாரி துணையிருக்கட்டும். இங்கே நாங்கள் சுகம் என்று எழுதினால் பொய், சுகமில்லை என்று எழுதினால் நீ அழுவாய், அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். மேலே படிப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. போன கடிதத்தோடு அம்மன் பிரசாதம் என்று ஒரு மஞ்சள் மண் பொட்டலம் மடித்து வைத்தேனே, அதை நீ தொடாதே, மாப்பிள்ளையை விட்டு ஒரு பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி எடுத்து வைக்கச் சொல். நான் எழுதியபடி தாலிக்கயிற்றில் தடவியிருந்தால் கயிற்றை இன்றைக்கே மாற்று, கையைச் சோப்புப் போட்டுக் கழுவு, டாக்டரம்மாவிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடு. காக்ஸ் டவுன் எஸ்.டி.டி. பூத்திலிருந்து உங்கள் பக்கத்து வீட்டு நம்பருக்கு அடித்து அடித்துப் பார்த்தேன், யாரும் எடுக்கவில்லை. அது பிரசாதமே இல்லையடி. எப்படி என்று சொல்கிறேன், பதறாமல் படி.

நம் வீட்டுக்குப் பின்னால் மூடிக் கிடக்கும் பிளேட்டிங் கம்பெனியை நீ மறந்திருக்க மாட்டாய், சைக்கிள் ஹேண்டில்பாருக்கெல்லாம் பளபளவென்று முலாம் பூசி அனுப்புவார்களே. பூசிக் கழுவின தண்ணீரை அத்தனை வருஷமும் பின்பக்கக் குழியில்தான் விட்டிருக்கிறார்கள். முதலாளி கேட்டைப் பூட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டான், பாழாய்ப் போனவன், அவன் விட்ட விஷம் பூமிக்குள் இறங்கி நம் தெரு போர்வெல் வரைக்கும் வந்துவிட்டது. போர்வெல்லுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து மூடினார்கள், இப்போது டேங்கர் தண்ணீர்தான். இந்த வருஷம் கோர்ட்டு சொல்லி, கம்பெனி மண்ணைத் தோண்டி எடுத்து ஊருக்கு வெளியே பிளாஸ்டிக் விரித்த குழியில் புதைக்க காண்டிராக்ட் விட்டார்கள். அப்பாடா, விடிவு வந்தது என்று இருந்தோம். நம் தெரு பள்ளம் என்று உனக்குத் தெரியும், மழை வந்தால் அடுப்படி வரை தண்ணீர். மண் லாரி எது போனாலும் கை காட்டி நிறுத்தி, ஒரு லோடு இங்க கொட்டிட்டுப் போப்பா என்று கேட்பது நம் ஆட்களுக்கு ஊறிப்போன பழக்கம். விஷம் தண்ணீரில்தானே இருக்கிறது, மண் மண்தானே என்று நினைத்துவிட்டார்கள். லாரிக்காரனுக்கும் கசக்குமா, அவ்வளவு தூரம் ஓட்ட வேண்டாமே, மேல் மண்ணு சார், நல்ல மண்ணு என்று சொல்லித் தெரு முழுக்கக் கொட்டினான். முதலில் கை காட்டினது உங்கப்பாதான்.

கொட்டின மண்ணைச் சும்மா விட்டாரா மனுஷர்? பஸ் ஓட்டி ரிடையர் ஆன நாளிலிருந்து கை துறுதுறுவென்றுதான் இருக்கிறது. செருப்பில்லாமல் மிதித்து மிதித்துச் சமன் செய்து, பின்பக்கம் மேடாக்கி, அதன்மேல் உனக்கென்று ஒரு அறை கட்டினார். பாப்பா தலைப்பிரசவத்துக்கு வரா, பச்ச உடம்புக்காரி வெளிய போய்க் குளிக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே குளிக்க ஒரு மேடை, தொட்டில் தொங்க ஒரு கொக்கி எல்லாம் வைத்தார். ஆடி மழையில் அந்தச் சிமெண்டுத் தரையின் மூலையில் மஞ்சளாக ஈரம் கசிந்தது. அரைத்த மஞ்சளைக் கரைத்து ஊற்றினாற்போல அப்படி ஒரு நிறம். பக்கத்து வீட்டு லட்சுமம்மா எட்டிப் பார்த்தவள் அங்கேயே கும்பிட்டு விழுந்தாள், அம்மா வந்துட்டா வேதக்கா, ஆடி மாசத்துல சும்மா வருவாளா, உன் மக புள்ள பெறப் போற ரூம்புன்னு தெரிஞ்சே வந்திருக்கா என்றாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. குங்குமம் வைத்துக் கற்பூரம் ஏற்றினோம். தெருப் பெண்கள் எல்லோரும் வந்து வேப்பிலையால் தொட்டுத் தலையில் தெளித்துக்கொண்டு போனார்கள். அந்த ஈர மண்ணைத்தான் சுரண்டிக் காயவைத்து உனக்கு அனுப்பினேன்.

கூட்டத்தைப் பார்த்துவிட்டு, கம்பெனியில் மண் தோண்டும் வேலையிலிருந்து டொமினிக் என்று ஒரு எஞ்சினியர் பையன் உள்ளே வந்தான், காக்ஸ் டவுன் சர்ச் பக்கத்து வீட்டுப் பிள்ளை, மூக்கில் முகமூடி. மூலையைப் பார்த்ததும் முகம் செத்துப் போச்சு. ஆன்ட்டி, யாரும் கை வைக்காதீங்க, இது மஞ்சள் இல்ல, குரோமியம், முலாம் பூசற விஷம், ப்ளீஸ் எல்லாரையும் வெளிய அனுப்புங்க என்றான். அம்மனையே வெளியே போகச் சொல்கிறான் பாரு என்று லட்சுமம்மா அவனை அடிக்கப் போனாள். சோதனைக்கு மண் எடுத்துப் போய் மறு வாரம் வந்து சொன்னான், தெருவிலேயே நம் வீட்டு மண்ணில்தான் அதிகமாம், அந்த அறையை இடித்து அடிமண் வரை எடுத்தாக வேண்டுமாம். எப்போது என்று கேட்டேன். மண் எடுக்கும் ஆட்கள் வீடு வீடாக வருவார்களாம், எந்த நாள் யார் வீடு என்று சொல்ல முடியாதாம், பூட்டியிருந்தால் விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்களாம். லட்சுமம்மா பயந்துபோய்க் கோலார் தங்கச்சி வீட்டுக்குப் போனாள், அவள் வீட்டை அப்படித்தான் தாண்டிப் போய்விட்டார்கள். விட்டுப்போன வீட்டுக்கு மறுபடி எப்போது வருவார்கள் என்று டொமினிக்குக்கே தெரியாது.

அதனால் நானும் உங்கப்பாவும் வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். மார்க்கெட்டுக்கு ஒருவர் போனால் ஒருவர் வீட்டில். கம்பெனியில் தோண்டும் தூசி வருகிறது என்று ஜன்னலை எல்லாம் அடைத்து ஈரச் சாக்கு தொங்கவிட்டிருக்கிறேன், பகலிலேயே லைட் போட்டுத்தான் சமையல். வீட்டை விற்றுவிடலாம் என்று புரோக்கரைக் கூப்பிட்டேன், தெருப் பேரைச் சொன்னதுமே சிரித்தான் படுபாவி. ருக்கு சித்தி வீட்டில் உன் பிரசவத்தை வைத்துக்கொள்ளலாமா என்றும் யோசித்தேன், வாணியம்பாடியில் தோல் பதனிடும் கழிவு கிணற்றில் இறங்கி, அவளே லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை போட்டு நிற்கிறாள். எங்கே போய் முட்டிக்கொள்வது சொல். அப்பாவுக்கு விரல் இடுக்கிலும் பாதத்திலும் குழி குழியாகப் புண், மூக்கிலிருந்து அடிக்கடி ரத்தம். பௌரிங் ஆஸ்பத்திரி டாக்டர் அந்த மண்ணை இனி மிதிக்கவே கூடாது என்று சொல்லியிருக்கிறார். கேட்கிற ஆளா? அவங்க எப்ப வர்றது, நானே எடுத்துடறேன் என்று முந்தாநாள் கடப்பாரையோடு அந்த அறைக்குள் போய்விட்டார். நான் கதவில் குறுக்கே நின்று கத்தி, அழுது, அப்புறம்தான் கீழே வைத்தார். மறுநாள் பார்த்தால் அதே அறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்கிறார், பாப்பா வர்றதுக்குள்ள எல்லாம் சரியாயிடும், நீ ஏன்டி குறுக்க பேசற என்கிறார். அவர் கையால் கட்டின அறையில் விஷம் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. எனக்கு அவர்மேல் கோபமும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

இனிமேல் எழுதப் போவதை எந்தத் தாயும் தலைப்பிள்ளை சுமக்கிற மகளுக்கு எழுதியிருக்க மாட்டாள். வராதே வித்யா. வளைகாப்பு முடிந்ததும் தாய்வீட்டுக்கு அழைத்து வருவதுதான் முறை, நீயும் நாளை எண்ணிக்கொண்டிருப்பாய், எனக்குத் தெரியாதா. இந்த வாசலை நீ மிதிக்கக் கூடாது, உன் பிள்ளை இந்தக் காற்றைக் குடிக்கக் கூடாது. உன் மாமியாருக்கும் எழுதிவிட்டேன், பிரசவத்துக்கு நீங்கள்தான் ஜபல்பூர் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும், பெரிய மனசு பண்ணுங்கள் என்று. அந்த அம்மாவிடம் நான் கையேந்துவேன் என்று நீ கனவிலாவது நினைத்திருப்பாயா? அவர்கள் பத்தியம் உப்புச் சப்பில்லாமல்தான் இருக்கும், வாயை மூடிக்கொண்டு சாப்பிடு. வளைகாப்புக்கு நான் வரவில்லை. வீட்டைப் பூட்ட முடியாது என்று அப்பாவிடம் சொன்னேன், சரி என்றுவிட்டார், அவர் மட்டும் வருகிறார். சிவாஜிநகரில் உனக்குப் பிடித்த பச்சைக் கண்ணாடி வளையல் வாங்கிக் கொடுத்து அனுப்புகிறேன், முதல் வளையலை மாப்பிள்ளையின் அக்காவை விட்டு அடுக்கச் சொல். அழாமல்தான் எழுதுகிறேன்.

பெற்ற வயிறு குளிர, பிள்ளையும் நீயும் நோய்நொடி அண்டாமல் நூறு வருஷம் வாழ வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, பாத்ரூமில் பார்த்துக் கால் வை. அப்பா வந்ததும் நல்ல டாக்டரிடம் அந்தப் புண்ணைக் காட்டச் சொல். அவர் வெள்ளிக்கிழமை வண்டி ஏறுகிறார், இந்தக் கடிதம் முந்திக்கொள்ள வேண்டும் என்று ஸ்பீடு போஸ்டில் போடுகிறேன். திரும்பி வருவதற்கு உனக்கும் அவருக்குமாக இரண்டு டிக்கெட் எடுத்துச் சட்டை உள்பையில் வைத்திருக்கிறார். அவர் தூங்கும்போது எடுத்து மாப்பிள்ளையிடம் கொடுத்துவிடு. இரண்டையும் கேன்சல் செய்யச் சொல், வித்யா. உன்னுடையதை மட்டும் இல்லை, இரண்டையும். இங்கே வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார ஒரு ஆள் போதும்.

இப்படிக்கு,
உன் அம்மா
கோ. வேதநாயகி