கதவின் மேல் ஒரு கடல்

குட்டி,

தச்சர் பத்து மணிக்கு வருவார். உன் அறைக் கதவை மறுபடி மாட்டச் சொல்லியிருக்கிறேன். நீ அதை அறைந்து சாத்தினாய் என்பதற்காக நான் கழற்றியே போட்டது அதிகம்தான். "அப்பனுக்கும் பொண்ணுக்கும் கோபம் வந்தா கதவுதான் கெடச்சுதா?" என்று அம்மா கேட்டதில் தப்பே இல்லை.

ஆனாலும் ஸ்டூல்களின் மேல் படுக்கப் போட்ட அந்தக் கதவைப்போல நம் கடல் படத்தைத் துண்டு துண்டாகச் சேர்க்கும் ஜிக்சாவுக்குத் தோதான இடம் இந்த வீட்டில் இல்லை. சாப்பாட்டு மேஜையில் கடல் பாதியிலேயே நின்றுவிடும். மெத்தையில் மூச்சு விட்டாலே படம் கலையும். தரையில் உட்கார என் முட்டி சம்மதிக்காது. பேச்சுவார்த்தை இல்லாமலிருந்தபோதும் நாம் அதன் இரு பக்கமும் உட்கார்ந்து நீலத் துண்டுகளை ஒருவருக்கொருவர் நகர்த்திக்கொண்டுதான் இருந்தோம். கதவு நிமிர்ந்ததும் நீ உள்ளே, நான் வெளியே என்றாகிவிடுமோ என்றுதான் தச்சரைக் கூப்பிடாமல் இழுத்தடித்தேன்.

நேற்றுக் கனவில் அந்தக் கதவைத் திறந்தேன். உள்ளே அலையே இல்லாத கடல். கரையில் நீ ஒரு துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாய். என்னைப் போகச் சொல்லவில்லை.

படத்தின் அளவுக்கு ஒரு ப்ளைவுட் பலகை வெட்டி, வழுக்காதிருக்க அடியில் பழைய கம்பளியை ஒட்டியிருக்கிறேன். தச்சர் வருமுன் அதைக் கதவின் விளிம்போடு சேர்த்துப் பிடித்தால் படம் அப்படியே நகர்ந்து வரும். அம்மாவையும் கூப்பிட்டுக்கொள், தனியாகச் செய்யாதே. சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது.

அப்பா

பி.கு: பலகை ஹாலிலா, உன் அறையிலா என்பதை நீயே முடிவு செய். அறையில் என்றால், தட்டிவிட்டுத்தான் வருவேன்.