உழாத நிலத்துக்கு வந்த பணம்

மார்ச் 4

என் அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் நலம். பிள்ளையின் படிப்பு எப்படிப் போகிறது என்று எழுது.

நேற்று விதைக் கடைக்காரர் எல்லோர் முன்னாலும், "உங்க தங்கச்சிக்கு இந்த வருஷமும் மானியம் வந்திருச்சாமே! உழாமலே அறுவடை!" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

அப்பா இருவருக்கும் ஒரே அளவாகத்தான் நிலம் பிரித்துக் கொடுத்தார். உன் பங்கில் முழங்கால் உயரம் புல் மண்டிக் கிடக்கிறது. மண் ஓய்வெடுக்கட்டும் என்று அரசாங்கம் அதற்குப் பணம் கொடுக்கிறது. வரப்புக்கு இந்தப் பக்கம் நான் இடுப்பொடியக் களை பறிக்கிறேன். என் இடுப்பு ஓய்வெடுக்க யார் மானியம் தருவார்கள்?

புதிதாகத் துணி துவைக்கும் மெஷின் வாங்கினாயாம். உன் அத்தான் சொல்லித்தான் தெரிந்தது. எனக்கு எழுத மறந்துவிட்டாய் போல. சும்மா கேட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே.

உன் அக்கா

மார்ச் 15

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மெஷின் பழையதுதான். பக்கத்து வீட்டுக்காரர்கள் வீடு மாறும்போது கொடுத்துவிட்டுப் போனது. பிள்ளையின் அப்பா இறந்த பிறகு எனக்குத் தையல் கூலி மட்டும்தானே? மானியம் வீட்டு வாடகைக்கே சரியாகிவிடுகிறது.

உங்கள் இருவரையும் மானியத்துக்கு விண்ணப்பிக்கச் சொன்னேன். "சும்மா கெடக்குற நிலத்தப் பாத்துக்கிட்டு நான் என்ன பண்றது?" என்று மறுத்தது அத்தான்தான்.

ஓர் உதவி. அடுத்த மாதம் அதிகாரி நிலத்தைப் பார்க்க வருகிறார். மாடு மேய்ந்திருந்தால்கூடப் பணத்தை நிறுத்திவிடுவார்கள். வேலியை மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள். நீ பக்கத்தில் இருக்கும்போது எனக்கென்ன கவலை?

உன் சின்னவள்

ஏப்ரல் 20

அன்புள்ள சின்னவளுக்கு,

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அதிகாரி வந்த அன்று பார்த்து நம் மாடுகள் வேலியை முட்டித் தள்ளிவிட்டு உன் நிலத்துக்குள் புகுந்துவிட்டன. "யாரு மாடு இது?" என்றார். பொய் சொல்ல முடியுமா? எங்களுடையது என்றேன். "அப்போ இனிமே பணம் வராதும்மா" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். உன் அத்தான் அன்று சந்தைக்குப் போயிருந்தார். வாயில்லாத ஜீவன்களை என்ன சொல்ல?

மனதைத் தளரவிடாதே. ஊரில் எல்லோரும் உழைத்துத்தானே சாப்பிடுகிறோம்.

உன் அக்கா

மே 9

அக்காவுக்கு,

மானியத்தை நிறுத்திய உத்தரவோடு அதிகாரி எடுத்த போட்டோவும் வந்தது. மாடுகள் மேய்கின்றன. பின்னால் வேலிக் கம்பியைக் கழற்றி, அழகாகச் சுருட்டி, கம்பத்தில் மாட்டியிருக்கிறது. மாடு கம்பியைச் சுருட்டாது, அக்கா.

வாடகை பாக்கி ஏறிவிட்டது. நிலத்தை டிராக்டர்காரருக்கு ஐந்து வருடக் குத்தகைக்கு விட்டுவிட்டேன். இனி உங்கள் மாடுகள் வரப்பைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கை

செப்டம்பர் 2

என் கண்ணான தங்கைக்கு,

இதற்கு முன் இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. பேச்சு வந்த நாளிலிருந்து என்னை "நீ" என்றவள், திடீரென்று "பார்த்துக்கொள்ளுங்கள்" என்று எழுதினால் நான் என்ன நினைப்பது?

டிராக்டர்காரன் பயிர் இடுப்பளவு நிற்கிறது. ஓய்ந்து கிடந்த மண் அல்லவா, அள்ளிக் கொடுக்கிறது. எங்களுடையது அதன் பக்கத்தில் சவலைப் பிள்ளை மாதிரி இருக்கிறது. உன் அத்தான் தினமும் வரப்பில் நின்று, "என்னமா வந்திருக்கு பாத்தியா!" என்கிறார். எனக்கு வயிறு எரிகிறது. குத்தகை எவ்வளவு என்று கேட்டால் அவன் சிரிக்கிறான். நல்ல தொகையாகத்தான் இருக்கும்.

நேற்று தபால்காரர் உன் கையெழுத்தில் ஒரு கடிதம் கொடுத்தார். ஆசையாக வாங்கினேன். உறையில் அத்தான் பெயர். அவரிடம் கொடுத்தேன்; நின்றபடியே படித்தார், நடுவில் ஒருமுறை சிரித்தார்.

"என்ன எழுதியிருக்கா?"

"சும்மா, நலம் விசாரிச்சிருக்கா."

"என்னைக் கேட்டிருக்காளா?"

அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

அவருக்கு எழுத உனக்கு அப்படி என்ன இருக்கிறது? எனக்கும் இரண்டு வரி எழுது. திட்டியாவது எழுது.

உன் அக்கா