எஸ்தரின் பிடியரிசிப் பானை

என் எஸ்தருக்கு,

உன்னைப் பற்றி நாலு வரி எழுதிக் கொடுங்கள், சபைப் பத்திரிகையில் போடலாம் என்று உபதேசியார் கேட்டார். உன்னைப் பற்றி ஊருக்குச் சொல்ல எனக்கு ஒன்றும் வரவில்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன். படிக்கிறவர்கள் படித்துவிட்டுப் போகட்டும்.

நான் இன்னும் அழவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது அங்கே வந்து உன்னிடம் கோள் சொல்வார்கள். காய்ச்சலில் நீ போன அன்றும் அழவில்லை, அடக்கத்தன்றும் அழவில்லை. உலகத்தில் எல்லாம் ஒழிந்துபோகும், அன்பு மட்டும் நிற்கும் என்று உபதேசியார் கல்லறைத் தோட்டத்தில் பேசினார். நான் உன் பெட்டியின் மேல் ஊர்ந்த எறும்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மனசு மரத்துப்போவது என்பார்களே, அதுதான்.

துறைமுகத்துக்குப் போகிறேன், வருகிறேன். கிடங்கில் மூட்டை இறங்குகிறது, கணக்கெழுதும் கிராணி நான் குறித்துக்கொள்கிறேன். ரப்பர் விலை விழுந்ததிலிருந்து கப்பலும் குறைவு, மூட்டையும் குறைவு. சாப்பாடு சூலியா தெருவில் ராவுத்தர் கடையில். "என்னா கிராணி, கறி போடட்டுமா, மீன் போடட்டுமா?" என்று கேட்கிறார். எதைப் போட்டாலும் எனக்கு ஒரே ருசிதான். டத்தோ கிராமாட்டில் நம் வீட்டில் அடுப்பு எரியவே இல்லை.

உன் சேலைகளைச் சபைப் பெண்கள் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். தலையணையில் உன் எண்ணெய் வாசனை கொஞ்ச நாள் இருந்தது, பிறகு அதுவும் போய்விட்டது. உன் குரலை நினைத்துப் பார்த்தால் வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. ஒழிந்துபோகும் என்றாரே, அந்தப் பாதி சரிதான். மீதிப் பாதி எங்கே, எஸ்தர்?

கடல் தாண்டி வந்த இந்த ஊரில் இனி இருந்து யாருக்கு என்ன என்று சொந்த ஊருக்குத் திரும்ப முடிவு செய்தேன். நாகப்பட்டினம் கப்பலுக்குச் சொல்லி வைத்தாயிற்று. போன சனிக்கிழமை வேலைக்குப் போகாமல் வீட்டுச் சாமான்களை ஒழித்தேன். கட்டில் ஒருவருக்கு, அம்மி ஒருவருக்கு. கடைசியில் அடுப்படி மூலையில் உன் பிடியரிசிப் பானை.

உலை வைக்கும் போதெல்லாம், கழுவ எடுத்த அரிசியில் ஒரு பிடி அள்ளி அந்தப் பானையில் போடுவாய். ஞாயிற்றுக்கிழமை அது கோவிலுக்குப் போய், வேலை இழந்தவர்களுக்குக் கஞ்சியாகும். "கர்த்தருக்குன்னு போடுறியே, அவரு சோறு சாப்பிட்டு நான் பாத்ததில்லையே" என்று உன்னைச் சீண்டுவேன். "நான் பாத்திருக்கேன். போன வாரங்கூட ரெண்டாவது தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு" என்பாய்.

உன் அடக்கம் முடிந்ததும் சபைப் பெண்கள் அந்தப் பானையைக் காலி செய்து கவிழ்த்து வைத்தார்கள். என் கண்ணால் பார்த்தேன். இப்போது அது நிமிர்ந்து இருந்தது. கோவிலுக்கே கொடுத்துவிடலாம் என்று தூக்கினால், சரியான கனம். மூடியைத் திறந்தேன். வாய்வரை அரிசி. நம் வீட்டு அரிசி இல்லை, குருணை கலந்த மட்டரக அரிசி.

அப்போது பின்கதவைத் தள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டு மாரியாயி வந்தாள். என்னைக் கண்டதும் வலது கையை முந்தானைக்குள் மறைத்தாள். அவள் புருஷனுக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை நின்றபோது அந்த வீடு கோவில் கஞ்சியில்தான் பிழைத்தது, உனக்குத் தெரியாததா? இப்போதும் அவனுக்கு அரைகுறை வேலைதான்.

"என்ன மாரியாயி?"

"ஒண்ணுமில்லண்ணே. நீங்க வேலைக்குப் போயிருப்பீங்கன்னு நெனச்சேன்." கையை விரித்தாள். ஒரு பிடி அரிசி. "அக்கா போனதுலேர்ந்து போட்டுக்கிட்டு இருக்கேன். கோவிச்சுக்காதீங்க."

"உங்க வீட்டிலேயே ஒரு பானை வைக்கிறதுதானே?"

"எங்க வீட்ல வெச்சா மறுவேளைக்கு நானே எடுத்துருவேன் லா. இங்கன்னா அக்கா பாத்துக்கிட்டு இருக்கும்."

"உனக்கே போதாதேம்மா."

"போதாதுதான். அக்காவுக்கு மட்டும் போதுமா இருந்துச்சா?" அரிசியைப் பானையில் போட்டாள். "ஏண்ணே, கோவில்காரங்க இன்னும் எடுத்துட்டுப் போவல? பானை நெறஞ்சு போச்சே."

அவர்கள் எப்படி வருவார்கள்? அடுப்பு எரியாத வீட்டில் வந்து பிடியரிசி கேட்பார்களா? அவள் போன பிறகு பானைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அழுகை வந்துவிடும் என்று காத்திருந்தேன், வரவில்லை. பசித்தது. நீ போன பிறகு எனக்குப் பசித்தது அன்றைக்குத்தான்.

அடுப்பை மூட்டி, மிச்சமிருந்த நம் வீட்டு அரிசியை உலையில் போட்டேன். சோறு குழைந்துவிட்டது, உப்பும் இல்லை. நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய்.

மறுநாள் அரிசியைச் சாக்கில் கொட்டித் தோளில் வைத்துக்கொண்டு கோவிலுக்குப் போனேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆராதனை முடிந்து கஞ்சி காய்ச்சினார்கள், என் கையில் அகப்பையைக் கொடுத்து நிற்கச் சொன்னார்கள். ரப்பர் தோட்டத்து வேலையிலிருந்து வெளியேற்றப்பட்ட ஒருவர், கிழிந்த பனியன், பெயர் தெரியாது. குடித்து முடித்துவிட்டுக் குவளையை மறுபடியும் நீட்டினார். "இன்னுங் கொஞ்சம் கெடைக்குமாங்க?" என்றார்.

ஊற்றினேன். நானும் பார்த்துவிட்டேன், எஸ்தர்.

கண்ணீர் இன்னும் வரவில்லை. வரும்போது வரட்டும். கப்பல் நானில்லாமல் போகட்டும். கொடுத்த அம்மியைத் திரும்பக் கேட்க வெட்கமாக இருக்கிறது, புதிதாக ஒன்று வாங்கிக்கொள்கிறேன். தினமும் உலை வைப்பேன், உலை வைக்கும் முன்னால் ஒரு பிடி போடுவேன். உன் பானை இனிமேல் கவிழ்ந்து இருக்காது, இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

மாரியாயிக்கு அண்ணனும்
இன்றும் உன் வீட்டுக்காரனுமான
ஞானமுத்து