மைக் இல்லாத கணக்கு வகுப்பு

இன்று காலை நம் கல்லூரியில் இரண்டாவது கணினிக் கூடத்தைத் திறந்தார்கள். அட்டைப்பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த மானிட்டர்களின் பிளாஸ்டிக் வாசனை அறை முழுக்க. முதல்வர், "மேடம், நீங்க ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றார். உன் நினைப்பைத் தவிர வேறொன்றும் வரவில்லை. ஏதோ சமாளித்துவிட்டு, உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நாம் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். நீ முசிறியிலிருந்து பஸ்ஸில் வருவாய், நான் ஸ்ரீரங்கத்திலிருந்து. முதலாண்டுக் கணக்கு எல்லாத் துறைக்கும் பொது என்பதால், முந்நூறு பேரைப் பெரிய அரங்கில் உட்கார வைத்து மைக்கில் நடத்துவோம். கடைசி வரிசைக்குப் பலகையும் தெரியாது, நம் முகமும் தெரியாது. பருவத்துக்குப் பருவம் ஏராளமானோர் தோற்பார்கள். "இவங்களுக்கு அடிப்படையே இல்லப்பா" என்று டீ குடித்துக்கொண்டே பேசிக்கொள்வோம்.

ஒரு கட்டத்தில் நீ அந்தப் பேச்சில் சேர்ந்துகொள்வதை நிறுத்திவிட்டாய். ஒரு திட்டம் எழுதிக் கொண்டுவந்தாய். அரங்க வகுப்பு வாரத்துக்கு ஒன்று போதும். மற்ற நேரமெல்லாம் மாணவர்கள் கணினி முன் உட்கார்ந்து அவரவர் வேகத்தில் கணக்குப் போடட்டும். ஒரு பாடம் சரியாக வந்தபின் அடுத்ததற்குப் போகட்டும். நாம் கூடவே இருந்து, கேட்கிறவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்து சொல்லித் தருவோம்.

துறைக் கூட்டத்தில் அதை எதிர்த்து முதலில் எழுந்தவள் நான்தான். "மெஷினே சொல்லிக் குடுத்துடும்னா அப்புறம் நாம எதுக்கு?" என்றேன். பலரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. வெளியே வந்ததும், "நிஜமாவே இதுதான் காரணமா, இல்ல வேற ஏதாவதா?" என்று கேட்டாய். "இதுதான்" என்றேன். அன்றிலிருந்து டீக்குத் தனித்தனியாகப் போனோம்.

அடுத்த பருவத்தில் ஒரே ஒரு பிரிவுக்குச் சோதனையாக அனுமதி கிடைத்தது. அட்டவணையில் உன் பெயரோடு என் பெயரையும் போட்டுவிட்டார்கள். முதல் வாரம் முழுக்க வாசலருகே போட்டிருந்த நாற்காலியை விட்டு நான் எழவில்லை. இரண்டாவது வாரம் ஒரு பெண் கை தூக்கினாள். நீ எதிர்மூலையில் இருந்தாய். வேறு வழியில்லாமல் நான் போனேன்.

"மேம், ஆறு தடவை போட்டுட்டேன். தப்புன்னே வருது."

அவள் நோட்டைப் பார்த்தேன். அடைப்புக்குறிக்கு வெளியே கழித்தல் இருந்தால், உள்ளே முதலில் இருப்பதற்கு மட்டும் குறியை மாற்றிவிட்டு அடுத்ததை அப்படியே விடுகிறாள்.

"எப்பலேர்ந்து இப்படிப் போடுற?"

"எட்டாவதுலேர்ந்து மேம். யாரும் சொல்லல."

முந்தைய பருவம் முழுக்க அவள் என் அரங்கில் உட்கார்ந்திருந்தவள். அவள் பெயர்கூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நீ சொன்னதுதான் சரி என்று அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்கலாம். ரோஷம் விடவில்லை.

அந்த ஜூனில் கல்லூரி திறந்தபோது நீ வரவில்லை. புற்றுநோய் என்றார்கள். நீ இல்லையென்றால் சோதனையும் வேண்டாம், கணினி அறையை வேறு துறைக்குக் கொடுத்துவிடலாம் என்று மறுபடி கூட்டம் கூடியது. நான் எழுந்தேன். "போன தடவை எதிர்த்தவ நான். இப்ப நானே கேக்குறேன். மூடிடாதீங்க, நான் பாத்துக்கிறேன்" என்றேன். ஓர் ஆண்டு தந்தார்கள்.

அப்படியே சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் முசிறி பஸ் ஏறினேன். உன் வீட்டில் நீ கட்டிலில் சாய்ந்திருந்தாய், பாதியாக இளைத்திருந்தாய். கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். பிறகு, நீ அன்று கேட்டதற்கான பதிலையும் சொன்னேன்.

"பயம்டி. மைக்ல பேசினா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. பக்கத்துல உக்காந்தா, எனக்குத் தெரியாதது வெளிய வந்துடும்னு பயந்தேன்."

நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். "எனக்கு மட்டும் பயமில்லைன்னு நினைச்சியா? அந்த அரங்குல தப்பிச்சிட்டே இருக்கோம்னு தோணிடுச்சு. அதான் லேப் கேட்டேன்."

இருவரும் சிரித்தோம். உனக்கு இருமல் வரும்வரை சிரித்தோம். மூன்று வாரத்தில் நீ போய்விட்டாய். அந்த பஸ்ஸில் மட்டும் நான் ஏறாமல் இருந்திருந்தால், உன்னிடம் சொல்லாமலே போயிருக்கும். ஏறிவிட்டேன், சொல்லிவிட்டேன். அந்த நிம்மதி பெரிது.

இப்போது எல்லாப் பிரிவுக்கும் கணினிக் கூடம்தான். எல்லாரும் தேறிவிடுகிறார்கள் என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் யார் எங்கே தடுமாறுகிறார்கள் என்று எங்களுக்குத் தெரிகிறது.

போன வாரம் ஒரு மாணவி காட்டிய கணக்கு எனக்கும் பிடிபடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, "எனக்கும் தெரியலம்மா, வா, சேர்ந்து பாப்போம்" என்றேன். சொல்லும்போது குரல் கொஞ்சமும் இறங்கவில்லை. முக்கால் மணி நேரம் ஆயிற்று. விடை வந்தபோது அவளைவிட நான்தான் சத்தமாகக் கைதட்டினேன்.