டீவி அப்பாவின் வாசல் பல்பு

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் அரை மணி நேரம் நின்றது. செய்ய வேண்டியவை: கூரைப் பீலி அடைப்பு, பென்ஷன் கடிதம், கேட் கீலுக்கு எண்ணெய். கடைசி வேலை வேண்டாம். கீல் கத்தட்டும். யார் வருகிறார், யார் போகிறார் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

பின்னேரம் சமையலறையில் பிலோவின் சிரிப்பு. நான் போனதும் நின்றது. முப்பத்திரண்டு வருட மனைவி. என்னிடம் மறைத்துச் சிரிக்க என்ன இருக்கிறது?

"என்னா பாக்கிற?"

"ஒன்னுமில்லீங்க. குடும்ப நாடகம். சிரிப்பு நாடகம்."

ஒன்றுமில்லை என்றால் போனை ஏன் கவிழ்த்து வைக்க வேண்டும்?

ஜூன் 5, வியாழன்

மழை. குளியலறைப் பல்பு போச்சு. ரவூப் நானாவின் ஹார்ட்வெயார் கடை. என்னைக் கண்டதும் மனிதருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"கிளாக்கர் ஐயா, வெள்ளிக்கிழம நாடகத்துல வாற அப்பா நீங்கதானே? பல்புல திகதி எழுதுற மனிசன் உலகத்துல நீங்க மட்டுந்தான்னு நெனச்சேன்!"

எழுதுவது உண்மை. ஒவ்வொரு பல்பிலும், மாட்டிய திகதி, மார்க்கரில். இருபது வருடப் பழக்கம். கம்பனிக்காரன் ஏமாற்றுகிறானா என்று வேறு எப்படித் தெரியும்? ஆனால் அது நாடகக்காரனுக்கு எப்படித் தெரிந்தது?

ஜூன் 6, வெள்ளி

ஆறு மணிக்கு என் போனில் தேடிப் பார்த்தேன். வாரா வாரம் எடுத்து இணையத்தில் போடுகிறார்களாம். கண்டிப் பக்கத்து வீடு. அப்பா, அம்மா, வேலைக்குப் போகாத மகன். எங்களுக்கு மகன் இல்லை. அது கண்ணில் மண் தூவ. நாடகத்து மகள் ஒருத்தி, சுவரில் போட்டோவாக மட்டும்.

அப்பா மார்க்கரோடு கதிரையில் ஏறி நிற்கிறார். "யாருக்கு எரியுது இந்த லைட்டு?" என் வசனம்! சொல்லுக்குச் சொல்!

ஜூன் 7, சனி

தூக்கம் சரியில்லை. பீலி அடைப்பு அப்படியே.

டீவிக்காரர்கள் அப்பாக்களை எப்போதிருந்து இப்படி ஆக்கினார்கள்?

– புசல்லாவைத் தேயிலைத் தோட்டம், நான் பையன். கார் பேட்டரியில் டீவி. நாடகத்து அப்பா கதிரையில், மற்றவர்கள் நின்றபடி. கடைசியில் அவர் புத்தி சொல்வார், குடும்பமே வரிசையில் நின்று சிரிக்கும். அதைப் பார்த்து எங்கள் அப்பா ஒரு நாளும் சிரித்ததில்லை.

– கல்யாணமான புதிதில் வீடியோ கசெட். மாமியாருக்கு நடுங்கும் மருமகன்.

– பிறகு கேபிள். மெட்ராஸ் பிளாட். வேலைக்காரிக்கு இருக்கும் மூளை வீட்டுக்காரருக்கு இல்லை. ஜெனி என் மடியில் இருந்து பார்ப்பாள். அடுத்து யார் என்ன சொல்வார் என்று முந்திக்கொண்டு சொல்வாள். சரியாக இருக்கும்.

– இப்போது அப்பா முழு மடையன். அம்மா நம்மைப் பார்த்துக் கண்ணடிக்கிறாள்.

இத்தனை வருடமும் டீவியில் எங்கள் தோட்டத்துப் பேச்சு பேசுகிறவன் யாரோ வீட்டுச் சமையல்காரன்தான். இந்த நாடகத்தில்தான் அவனுக்குச் சொந்த வீடு, சொந்தக் கதிரை. அதுவும் சந்தேகமாக இருக்கிறது. யாருக்கு எங்கள் மேல் இவ்வளவு அக்கறை?

ஜெனி பெயரை எழுதிவிட்டேன். இரண்டு வருடமாக இந்தக் கொப்பியில் எழுதாத பெயர். ஒரே மகள். எங்களைக் கேட்காமல் தெல்தெனியப் பையனைப் பதிவுக் கல்யாணம் செய்தாள். "இந்தக் கேட்டுக்குள்ள வராத" என்றேன். வரவில்லை. கொழும்பில் ஏதோ வேலையாம். என் சொல் எதையும் கேட்காதவள் அதை மட்டும் கேட்டாள்.

ஜூன் 8, ஞாயிறு

பூசை முடிந்து பொறி வைத்தேன். ரவூபிடம்: குடைக் கைப்பிடியில் பெயர் கொத்தப் போகிறேன். பிலோவிடம்: குளியலறைக் கதவில் மணிக்கூடு, ஆளுக்கு ஆறு நிமிடம். இரண்டும் பொய். யாரிடம் சொன்னது நாடகத்தில் வருகிறதோ அவரே கோள்சொல்லி.

"நல்லதுதாங்க, மாட்டுங்க" என்றாள் பிலோ. அவ்வளவு லேசாக ஒத்துக்கொண்டதே சரியில்லை.

ஜூன் 13, வெள்ளி

அந்தோனியார் திருநாள். நல்ல மழை. ஆறு மணி.

குளியலறைக் கதவில் மணிக்கூடு! பிடிபட்டாள்!

கத்த எழும்பினேன். நாடகம் முடியவில்லை. அந்த அப்பா ஒவ்வொரு லைட்டாக அணைத்துக்கொண்டு வருகிறார். வாசல் பல்பை மட்டும் அணைக்கவில்லை. பல்பில் எழுதிய திகதியைக் கிட்டத்தில் காட்டினார்கள். மகள் போன நாள்.

எங்கள் வாசல் பல்பிலும் ஜெனி போன நாள்தான். அன்று மாட்டியது. தினமும் பொழுதுபடப் போடுகிறேன், விடிந்துதான் அணைக்கிறேன். பிலோ கேட்டபோது கள்ளன் பயம் என்றேன். வேறு காரணம் யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு நாடகத்தில் கேட் கீல் கத்தியது. கேட்டுக்கு வெளியே மகள். அப்பா பார்த்தபடி நிற்கிறார். அத்தோடு முடிந்தது.

"எழுதுறது யாரு?"

"வேற யாரு? நம்ம ஜெனிதான்." பிலோவுக்குப் பயமே இல்லை.

"ரெண்டு பேரும் சேந்து என்னைய ஊரு சிரிக்க வச்சிட்டீங்க!"

"இன்னைக்கு அப்பா என்னா சொன்னாருன்னு தெனம் கேப்பா. சொல்லுவேன். சிரிப்பா. சிரிச்சு முடிச்சு அழுவா."

"அடுத்த கெழம அந்த அப்பன் என்னா சொல்றான்?"

"இன்னும் எழுதலயாம். அவரு வாயில என்னா வரும்னு அவளுக்கே தெரியலயாம்."

சாப்பிடவில்லை. கோபம் என்று எழுதி அடித்தேன். வெட்கம் என்று எழுதி அடித்தேன். எனக்கு என் மகளைப் பார்க்க வேண்டும்.

ஜூன் 14, சனி

மழை விட்டது. காலை ஏழு மணி. பிலோவின் போனை வாங்கி ஜெனிக்கு எடுத்தேன்.

"சொல்லுங்கம்மா."

"அம்மா இல்ல."

கதிரையை வாசலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அந்த அப்பனுக்குப் பெரிய வசனம் ஒன்னும் எழுதாத. அவனுக்குப் பேச வராது."

"அப்ப அவரு என்னாப்பா செய்வாரு?"

"போயி கேட்டத் தொறப்பான்."

அழுதாள். நானும்தான்.

வியாழன் வருகிறார்களாம். இரண்டு பேரும்.

பிலோ எண்ணெய்ப் போத்தலோடு கேட்டுக்கு ஓடினாள். சத்தம் போட்டு நிறுத்தினேன். கீல் அப்படியே இருக்கட்டும். அவள் வரும்போது எனக்குக் கேட்க வேண்டும்.